வயிற்று வலி

துறைமுகம் பக்கத்து ஸ்டேஷனில்
பதினோரு வருடமாக நான்தான் ரைட்டர்.
கெடிலத்தில் ஒதுங்கியவர்,
தண்டவாளத்தில் கிடந்தவர்,
எல்லோருக்கும் ஒரே வரியைத்தான் எழுதியிருக்கிறேன்:
‘தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்த நிலையில்…’

கந்துவட்டி என்று எழுதினால் இன்னொரு வழக்கு.
மாமியார் என்று எழுதினால் ஆர்.டி.ஓ. விசாரணை.
வயிற்று வலிக்கு யாரும் சாட்சி கேட்பதில்லை.
முன்பு நூற்றியெழுபத்து நாலு,
இப்போது நூற்றித் தொண்ணூற்று நாலு.
சட்டத்தில் எண் மாறியது. வலி அதேதான்.

எனக்கும் வயிறு வலிக்கும்.
மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில்
விடியற்காலை மூன்றிலிருந்து நின்றோம்.
சாமிகள் ஒவ்வொன்றாய்க் கடலுக்கு இறங்கின.
பெண் போலீசுக்கென்று நிறுத்திய கழிப்பறை வண்டி
தண்ணீரில்லாமல் நாறியது.
அதனால் ஒரு மடக்கும் குடிக்காமல்
உச்சி வெயில் தாண்டும் வரை நின்றேன்.
கூட்டத்தில் தொலைந்த ஒரு பையன்
என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு
அம்மா எங்கே, அம்மா எங்கே என்றான்.
அந்நேரம் என் மகன்
தனக்குத் தானே தோசை ஊற்றிக்கொண்டிருந்திருப்பான்.

‘எத்தனை நாளா வலி?’ டாக்டர் கேட்டார்.
நேரம், தேதி, கிழமை என்று
அடுத்தவர் துயரத்தை ஒப்பித்துப் பழகியவளுக்கு
அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

முந்தாநாள் இரவு, இரண்டேகால்.
சிப்காட் காற்று ஜன்னலில் முட்டை நாற்றமாய் வந்து நின்றது.
மைக்கில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள்.
பாரா நின்ற இளவழுதி என் மேசைக்கு வந்தான்.
கல்யாணமாகி எட்டு மாதம்.
வார ஓய்வு மூன்று முறை ரத்து.
அவன் லீவு மனுவின் ஓரத்தில்
‘பந்தோபஸ்து முடியட்டும்’ என்று பச்சை மை.
அந்தப் பந்தோபஸ்தும் முடிந்து
அடுத்தது தொடங்கியாகிவிட்டது.

துப்பாக்கியை மேசைமேல் நீளவாக்கில் வைத்தான்,
தூங்கும் குழந்தையை இடம் மாற்றிப் போடுகிறவனைப் போல.
“நீங்களே வெச்சிக்குங்க ரைட்டரம்மா.
இன்னிக்கு ராத்திரி எங்கிட்ட வேணாம்.”

ஏன் என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் பதில் வரும்,
வந்தால் பதிய வேண்டும்.
அவன் சட்டையில் ஒரு பொத்தான்
தப்பான துளையில் ஏறியிருந்தது.
ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தேன்.
ஆறிப்போன டீ.
மூடியில் அவன் பல் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

தோட்டாக்களை எண்ணினேன். பூட்டினேன்.
சாவியைப் பைக்குள் போட்டுப் பொது நாட்குறிப்பைத் திறந்தேன்.
‘மன’ என்று இரண்டெழுத்து எழுதியதுமே கை நின்றது.
அந்தச் சொல் ஏறினால் பணிப்பதிவேட்டோடு கூடவே வரும்,
பிரமோஷன் லிஸ்ட் வரைக்கும்.
டீக்கடையில் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள்.
அடித்துவிட்டுச் சுருக்கொப்பம் போட்டேன்.
பேனா தானாகவே பழைய வரிக்குப் போனது:

‘02.30 மணி. காவலர் 1846
தீராத வயிற்று வலியால் அவதிப்படுவதால்
மஞ்சக்குப்பம் ஜி.எச்.சுக்கு அனுப்பி வைக்கப்பட்டார்.’

கோண்டூரிலிருந்து அவன் மனைவி ஸ்கூட்டியில் வந்தாள்,
நைட்டிமேல் துண்டு, ஹெல்மெட் இல்லை.
என்னிடம் எதுவும் கேட்காமல்
அவன் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள்.
பின்சீட்டில் ஏறி அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.
அந்த வரியை எழுதி
ஓர் ஆள் உயிரோடு வெளியே போய்
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மீதி இரவு பாரா நான் நின்றேன்.

காலையில் இன்ஸ்பெக்டர் நாட்குறிப்பைப் படித்தார்.
அடித்திருந்த இரண்டெழுத்தின்மேல்
அவர் விரல் கொஞ்ச நேரம் இருந்தது.
“உனக்கென்ன, மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு?”
“வயித்து வலி சார்.”

டிராயரை இழுத்தார்.
பாதி காலியான ஜெலுசில் பாட்டிலை எடுத்து,
என்னைப் பார்க்காமல்,
என் பக்கமாய் நகர்த்தினார்.